காது அடைத்தது... மூக்கில் தேடினார்கள்!

ஆபீஸ் பாத்ரூமில் ஒருத்தர் தலையை ஒரு பக்கம் சாய்த்து, ஒற்றைக் காலில் நொண்டியபடி, உள்ளங்கையால் காதைத் தட்டிக்கொண்டிருந்தால் என்ன நினைப்பீர்கள்? 'குளிக்கும்போது தண்ணி போயிருச்சு போல' என்றுதானே? நானும் அப்படித்தான் நினைத்தேன். சிரித்தேன் வேறு.

இது நடந்தது 2012 பிப்ரவரியில், சிங்கப்பூரில். அங்கே ஒரு சரக்குக் கப்பல் கம்பெனியின் அக்கவுண்ட்ஸ் பிரிவில் நான் பில்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த காலம். பக்கத்து ஸீட்டில் நாற்பத்தாறு வயது மலேசியச் சீனர். ஈப்போ ஊர்க்காரர். வீட்டில் பேசுவது கான்டனீஸ். நான் திருநெல்வேலிக்காரன். வயதில் மூத்தவரைப் பேர் சொல்லிக் கூப்பிட வாய் வராது. 'அண்ணாச்சி' என்றேன். அர்த்தம் கேட்டார், சொன்னேன், பிடித்துப்போய்விட்டது. பதிலுக்கு, தனக்குத் தெரிந்த ஒரே தமிழ் வார்த்தையை எனக்குக் கொடுத்தார்: 'தம்பி!' அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. "என் கதையை எழுதிக்கோ. பேர் போட்டியானா ஃப்ளைட் ஏறி வந்து உதைப்பேன்" என்று உத்தரவு. (அவர் பேசினது எல்லாம் இங்கிலீஷ். தமிழாக்கம் அடியேன்.)

அண்ணாச்சிக்கு இடது காது மட்டும் 'ங்ங்' என்று அடைத்துக்கொண்டிருந்தது. விமானம் இறங்கும்போது அடைக்குமே, அந்த மாதிரி. ஞாயிற்றுக்கிழமை நீச்சல் போகிறவர் என்பதால் பழி நீச்சல் குளத்தின் மேல் விழுந்தது. கிளினிக்கில் சொட்டு மருந்து கொடுத்தார்கள். ஒரு மாதம் கழித்து, வேறு நிறத்தில் வேறு சொட்டு மருந்து. காலையில் மூக்கைச் சிந்தினால் லேசாக ரத்தக் கோடு வந்தது. அதற்கு 'ஏ.ஸி. காத்து ஒத்துக்கலை' என்று ஒரு காரணம் தயாராக இருந்தது.

ஜூலையில் ஒரு நாள் ஷேவ் பண்ணும்போது ரேஸர் ஒரு மேட்டில் ஏறி இறங்கியது. இடது காதுக்குக் கீழே, தாடை முனைக்குப் பின்னால், நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி. தொட்டால் கெட்டியாக இருந்தது. வலி மட்டும் இல்லவே இல்லை.

வலித்திருந்தால் அன்றைக்கே ஓடியிருப்பார். வலிக்காததால் மூன்று வாரம் ஓட்டினார்.

கடைசியில் ஒரு காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போனோம். துணைக்கு நான். அவர் காதைப் பார்த்தார். கழுத்தைத் தடவினார். "ம்..." என்றார். பிறகு வயர் மாதிரி ஒரு மெல்லிய குழாயை எடுத்து அண்ணாச்சியின் மூக்குக்குள் விட ஆரம்பித்தார். எனக்கோ சந்தேகம். காது அடைக்குதுன்னு வந்த ஆளை மூக்கில் குடைகிறாரே... ஃபைல் மாறிப்போச்சோ?

மாறவில்லை. மூக்குத் துவாரங்கள் இரண்டும் பின்னால் போய் முடிகிற இடத்தில், உள்நாக்குக்கு மேலே, மண்டையோட்டின் அடித்தளத்தை ஒட்டி ஒரு சின்ன அறை இருக்கிறது. டாக்டர்கள் பாஷையில் நேஸோஃபாரிங்ஸ். மூக்குப் பின்தொண்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுக்காதிலிருந்து வரும் காற்றுக் குழாய் இந்த அறைச் சுவரில்தான் வந்து திறக்கிறது. அதன் வாயை ஒட்டினாற்போல் ஒரு பள்ளம். இந்த இடத்து கான்ஸர் பெரும்பாலும் அந்தப் பள்ளத்தில்தான் ஆரம்பிக்கிறது. கொஞ்சம் வளர்ந்ததும் குழாயின் வாயை அமுக்கும். நடுக்காதில் நீர் கோத்துக்கொள்ளும். சொந்தக்காரருக்குத் தெரிவதெல்லாம் 'காது அடைக்குது', அவ்வளவுதான்! கண்ணாடி முன்னால் நின்று எவ்வளவு பெரிதாக 'ஆ' காட்டினாலும் அந்த மூலை தெரியாது. அதனால்தான் இந்த நோய் வந்த நிறையப் பேர் முதலில் கண்டுபிடிப்பது மூக்கில் எதையும் அல்ல, கழுத்துக் கட்டியைத்தான். அது நோய் நிணநீர் முடிச்சு வரைக்கும் நடந்து வந்துவிட்டதன் அடையாளம்.

சதையைக் கிள்ளி எடுத்து டெஸ்டுக்கு அனுப்பினார்கள். ஒரு வாரத்தில் ரிப்போர்ட். கான்ஸர்.

"இது எங்க ஊர் வியாதி தம்பி" என்றார் அண்ணாச்சி, ஏதோ ஈப்போ வெள்ளைக் காபியைப் பற்றிச் சொல்கிற மாதிரி. "என் அம்மாவோட அண்ணனுக்கும் இதுதான்."

நிஜம்தான். உலகத்தில் ஒரு வருஷத்துக்கு ஒரு லட்சத்து முப்பதாயிரம் பேர் சுமாருக்கு இந்த நோய் வருகிறது. அவர்களில் பத்துக்கு ஏழு பேருக்கு மேல் கிழக்கு, தென்கிழக்கு ஆசியாக்காரர்கள். தென் சீனாவின் குவாங்தோங் மாகாணம்தான் தலைமைச் செயலகம். 'கான்டன் கட்டி' என்றே பழைய பெயர் உண்டு. ஆண்களுக்குப் பெண்களைப் போல் இரண்டு மூன்று மடங்கு அதிகம். நம்ம ஊரில் அபூர்வம். லட்சம் ஆண்களில் ஒருத்தருக்குக்கூட வருவதில்லை. ஆனால் இந்தியாவிலேயே நாகாலாந்து, மணிப்பூர் பக்கம் போனால் கணக்கு தலைகீழ்.

ஏன் இப்படி? மூன்று பேர் கூட்டுச் சதி. பரம்பரை ஒன்று. இரண்டாவது எப்ஸ்டீன்-பார் வைரஸ். 1964-ல் லண்டனில் எப்ஸ்டீன், அச்சோங், பார் என்று மூன்று பேர் கண்டுபிடித்தது. பெரியவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் இந்த வைரஸ் உடம்பில் குடியிருக்கிறது. எனக்கு, உங்களுக்கு, உங்கள் மேனேஜருக்கு எல்லாம் இருக்கலாம். சும்மா படுத்துக் கிடக்கும். கான்டன்காரர்கள் சிலரிடம்தான் அந்த மூக்குப் பின் மூலையில் எழுந்து உட்கார்ந்து வேலை காட்டுகிறது.

மூன்றாவதைக் கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கருவாடு! ஹாங்காங்கில் டாக்டர் ஜான் ஹோ என்று ஒரு கதிரியக்க நிபுணர். படகிலேயே குடும்பம் நடத்துகிற மீனவர்களுக்கு இந்த நோய் அதிகம் வருவதைக் கவனித்தார். அங்கே கைக்குழந்தைக்குத் தாய்ப்பாலை நிறுத்தும்போது கஞ்சியோடு உப்புக் கருவாட்டைப் பிசைந்து ஊட்டுவது வழக்கம். பின்னாளில் ஆராய்ந்தபோது அவர் சந்தேகம் சரியென்று ஆகி, உலக சுகாதார நிறுவனத்தின் கான்ஸர் ஆராய்ச்சி அமைப்பு சீன முறை உப்பு மீனை 'நிச்சயமாகக் கான்ஸர் தரும்' பட்டியலில் சேர்த்துவிட்டது. அவசரப்பட்டு வீட்டுக் கருவாட்டுப் பானையை உடைக்காதீர்கள். பட்டியலில் இருப்பது சீன முறையில் பதப்படுத்தியது. திருநெல்வேலிக்காரன் என்ற முறையில் இதை நான் இரண்டு தடவை சரிபார்த்துக்கொண்டேன்.

அண்ணாச்சியும் நானும் கணக்கு எழுதிப் பிழைக்கிறவர்கள். ஆகவே அவர் டாக்டரிடம் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை பர்ஸன்ட்?"

"முதலில் ஸ்கேன் எடுப்போம்" என்றார் டாக்டர். அப்போது எனக்கு அது மழுப்பல் மாதிரி பட்டது. பிறகுதான் புரிந்தது, அதுதான் நேர்மையான பதில். இந்த நோயில் ஒரே பர்ஸன்ட் கிடையாது. எந்தக் கட்டத்தில் பிடித்தோம் என்பதைப் பொறுத்து, ஒரே நோய் இரண்டு வேறு நோய்கள் மாதிரி நடந்துகொள்கிறது. முதல் கட்டத்தில் அகப்பட்டால் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ஐந்து வருஷத்தைத் தாண்டிவிடுகிறார்கள். எலும்புக்கோ நுரையீரலுக்கோ ஈரலுக்கோ போய்விட்டால் கதையே வேறு. இடையில் கழுத்து ஒரு மைல்கல். கட்டி கழுத்தின் மேல்பக்கத்தில் ஒரு புறம் மட்டும் என்றால் தேவலை. இரண்டு பக்கமும் என்றால் கவலை. காரை எலும்புப் பக்கம் இறங்கிவிட்டால், உடம்பில் வேறெங்கோ விதை தூவியிருக்கும் என்று டாக்டர்கள் பயப்படுகிறார்கள்.

எம்.ஆர்.ஐ., பெட் ஸ்கேன் எல்லாம் முடிந்து அண்ணாச்சிக்குக் கிடைத்த தீர்ப்பு: ஸ்டேஜ் டூ.

"வெள்ளி மெடல்" என்றார்.

உங்களுக்கு இது புரிய வேண்டுமானால் அண்ணாச்சி ஒரு பாட்மின்டன் பைத்தியம் என்று தெரிய வேண்டும். அதிலும் மலேசியாவின் லீ சோங் வேய் என்றால் உயிர். அதே ஆகஸ்டில், ஐந்தாம் தேதி, லண்டன் ஒலிம்பிக்ஸ் ஃபைனல். மூன்றாவது கேமில் 19-21 என்று சீனாவின் லின் டானிடம் லீ தோற்ற ராத்திரி, கழுத்தில் கட்டியை வைத்துக்கொண்டு டி.வி. முன்னால் உட்கார்ந்து அழுதவர் இவர். கட்டிக்காக அழவில்லை!

ட்ரீட்மென்ட் ஆரம்பமானது. மற்ற கட்டிகளைப் போல் கத்தி வைத்து எடுக்க முடியாத இடம் அது. மேலே மண்டையோடு, பக்கத்தில் மூளைக்குப் போகும் பெரிய ரத்தக்குழாய்கள். நல்லவேளை, இந்த ரகக் கட்டி கதிர்வீச்சுக்குச் சுலபமாக மசியும். ஆக முதல் மருந்தே ரேடியேஷன்தான். நம்ம ஊரில் 'கரண்ட் வைக்கிறது' என்பார்களே, அது. வாரத்துக்கு ஐந்து நாள், ஏழு வாரம், மொத்தம் 35 தடவை. கூடவே வாரம் ஒரு கீமோ பாட்டில்.

அந்த முகமூடியை நான் மறக்க மாட்டேன். வலை மாதிரி ஒரு பிளாஸ்டிக் தகட்டை வெந்நீரில் போட்டு இளக்கி, முகத்தில் அழுத்தி, அச்சு எடுப்பார்கள். தினமும் அதை மாட்டி மேஜையோடு சேர்த்துத் திருகிவிடுவார்கள். மில்லிமீட்டர்கூட அசையக் கூடாது. முதல் வாரம் ஜோக் அடித்தார். மூன்றாவது வாரம் நாக்கில் ருசி செத்தது. ஐந்தாவது வாரம் வாயெல்லாம் புண். கஞ்சியை ஸ்ட்ரா போட்டு உறிஞ்சினார். ஒன்பது கிலோ இறங்கினார். "ஒரு வாரம் கேப் விட்டு ஊருக்குப் போய்ட்டு வரட்டுமா டாக்டர்?" என்று கெஞ்சினார். டாக்டர் அசையவில்லை. நடுவில் இடைவெளி விட்டால் மிச்சமிருக்கிற செல்கள் அந்த நேரத்தில் பெருகிவிடும். இத்தனை வாரத்துக்குள் முடிப்பதே பிழைப்பதற்கு ஒரு காரணம் என்றார். தினமும் சாயங்காலம் ஆபீஸில் நாலு பேர் முறை வைத்துக்கொண்டு அவரைக் கூட்டிப்போனோம். லீவுக் கடிதத்தில் நான் எழுதிய காரணங்களை ஒரு புத்தகமாகவே போடலாம்.

அந்த ராத்திரிகளில் நான் படித்துத் தெரிந்துகொண்டது கொஞ்சம். ஹாங்காங்கில் 1976 முதல் 1985 வரை வைத்தியம் பார்த்த 5,037 பேரைப் பின்னால் கணக்கெடுத்தார்கள். பத்து வருஷம் கழித்து உயிரோடு இருந்தது நூற்றுக்கு 43. அன்றைக்கு இருந்தது பழைய மெஷின். கட்டியோடு சேர்த்து உமிழ்நீர்ச் சுரப்பி, காது எல்லாவற்றையும் பொசுக்கியது. 1998-ல் அமெரிக்காவில் ஓர் ஆராய்ச்சி முடிவு வந்தது. முற்றிய நிலையில் வந்தவர்களுக்கு வெறும் ரேடியேஷன் கொடுத்தால் மூன்று வருஷத்தில் 47 சதவீதம் பேர் மிஞ்சினார்கள். கூடக் கீமோவும் கொடுத்தால் 78! கிழக்கில் இருந்த டாக்டர்கள் உடனே நம்பிவிடவில்லை. 'உங்க ஊர் ஆளுக்கு வருகிற ரகம் வேற, எங்க ஊர் ரகம் வேற' என்றார்கள். அதில் நியாயம் உண்டு. மைக்ராஸ்கோப்பில் இரண்டு ரகமும் வேறு மாதிரிதான் தெரியும், சீன ரகம் ரேடியேஷனுக்கு இன்னும் நன்றாகக் கட்டுப்படும். சிங்கப்பூரிலேயே 221 பேரை வைத்துச் செய்து பார்த்தார்கள். 2005-ல் முடிவு: 65-க்கு எதிராக 80. அண்ணாச்சிக்குக் கீமோ பாட்டில் ஏறியதற்குப் பின்னால் இவ்வளவு பேருடைய கணக்கு இருக்கிறது.

இப்போது மெஷின்களும் மாறிவிட்டன. கதிரைக் கட்டியின் வடிவத்துக்குச் செதுக்கி அனுப்புகிறார்கள். இந்த நோயை நிறையப் பார்த்துப் பழகிய ஆஸ்பத்திரிகளில், உடம்பில் பரவாமல் வந்தவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் சுமாருக்கு ஐந்து வருஷத்தைத் தாண்டுகிறார்கள். 2019-ல் சீனாவில் 480 பேரிடம் செய்த ஆராய்ச்சியில், ரேடியேஷனுக்கு முன்னாலேயே இரண்டு மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்ததில் மூன்று வருஷம் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் 76-லிருந்து 85 சதவீதத்துக்கு ஏறினார்கள். மீதிப் பேருக்கு? நோய் பெரும்பாலும் மூக்கில் திரும்புவதில்லை, எலும்பிலும் ஈரலிலும் தலைகாட்டுகிறது. அதற்கும் 2023-ல் ஒரு புது மருந்து அமெரிக்க அனுமதி வாங்கியிருக்கிறது, உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தட்டி எழுப்புகிற வகை.

ஸ்டேஜ் தவிர வேறு எதெல்லாம் தலையெழுத்தை மாற்றுகிறது? வயசு குறைவு என்றால் கொஞ்சம் சாதகம். பெண்களுக்கு ஆண்களைவிட நல்ல பலன். சிகரெட் ஆளுக்கு மைனஸ். ரத்தசோகை இருந்தால் மைனஸ். ஆனால் எல்லாவற்றையும்விட எனக்குச் சுவாரஸ்யமாகப் பட்டது ஒரு ரத்த டெஸ்ட்.

ஹாங்காங் சீனப் பல்கலைக்கழகத்தில் டென்னிஸ் லோ என்று ஒரு விஞ்ஞானி. அம்மாவின் ரத்தத்தில் வயிற்றுக் குழந்தையின் டி.என்.ஏ. மிதப்பதை 1997-ல் காட்டியவர். கட்டி வளரும்போது செல்கள் சாகும். சாகிற செல்லில் இருக்கும் வைரஸின் டி.என்.ஏ. ரத்தத்தில் கசியாதா என்று தேடினார். 1999-ல் எழுதினார்: 57 நோயாளிகளில் 55 பேரிடம் கிடைத்தது! 2004-ல் தைவானில் 99 பேரைத் தொடர்ந்து பார்த்தார்கள். வைத்தியத்துக்கு முன்னால் ஒரு மில்லி லிட்டருக்கு 1,500 பிரதிக்கு மேல் இருந்தவர்களுக்குப் பலன் மட்டம். அதைவிட முக்கியம், ரேடியேஷன் முடிந்த ஒரு வாரத்தில் ரத்தத்தில் இன்னும் மிச்சம் இருக்கிறதா என்பது. இருந்தால் எங்கோ ஒளிந்திருக்கிறது என்று அர்த்தம்.

அண்ணாச்சியின் அந்த டெஸ்ட் ரிசல்ட் வந்த அன்று ஆபீஸில் வருஷ முடிவுக் கணக்கு. போனை வைத்துவிட்டு என் மேஜைக்கு வந்தார். பேச எச்சில் இல்லை. ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துக்கொண்டு, என் ஸ்க்ராட்ச் பேடில் பெரிதாக ஒரு சைபர் போட்டார். கணக்கு எழுதுகிறவன் வாழ்க்கையில் சைபரைப் பார்த்து நான் கண்கலங்கியது அந்த ஒரு தடவைதான்.

2015-ல் நான் ஊர் திரும்பிவிட்டேன். 2018 செப்டம்பரில் நள்ளிரவில் போன். "தம்பி, லீ சோங் வேய்க்கு மூக்கு கான்ஸராம்." குரல் நடுங்கியது. ஆரம்ப நிலை. தைவானில் புரோட்டான் ரேடியேஷன் முடித்துக்கொண்டு திரும்பி வந்தார் லீ. மறுபடி ராக்கெட் பிடிக்கத்தான் ஆசைப்பட்டார், முடியவில்லை. 2019 ஜூனில் கண்ணீரோடு ஓய்வு அறிவித்தார். மூன்று ஒலிம்பிக் வெள்ளி, தங்கம் ஒன்றுகூட இல்லை. "ஆள் இருக்கார், அது போதும்" என்றார் அண்ணாச்சி.

அவரும் இருக்கிறார். கையில் எப்போதும் தண்ணீர் பாட்டில். பிஸ்கெட் சாப்பிட்டால்கூடத் தண்ணீர் வேண்டும். இடது காதில் மெஷின். தைராய்டு மாத்திரை. வாய் முன்பு மாதிரி அகலத் திறக்காது. "பேச்சைக் குறைக்கக் கடவுள் போட்ட தாழ்ப்பாள்" என்கிறார். குறைந்த மாதிரி தெரியவில்லை.

முன்பு சொன்ன அந்த ஹாங்காங் ரத்த டெஸ்டை, எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களுக்கே செய்து பார்த்தால் என்ன என்று ஒரு யோசனை. 40-லிருந்து 62 வயதுக்குட்பட்ட 20,174 ஆண்கள் ரத்தம் கொடுத்தார்கள். 2017-ல் வெளிவந்த முடிவு: இரண்டு தடவையும் வைரஸ் டி.என்.ஏ. தென்பட்டவர்கள் 309 பேர். அவர்களில் 34 பேருக்குக் கான்ஸர் அகப்பட்டது. நூற்றுக்கு 71 பேருக்கு ஒன்று அல்லது இரண்டாம் கட்டத்திலேயே! வழக்கமாக அந்தக் கட்டத்தில் வருகிறவர்கள் வெறும் 20. மூன்று வருஷம் நோய் முற்றாமல் இருந்தவர்கள் 97 சதவீதம்.

அந்த 309 பேரில் ஒன்பது பேர், 'எனக்கு ஒண்ணுமில்லை, மேற்கொண்டு சோதனை வேணாம்' என்று மறுத்துவிட்டார்கள். அவர்களில் ஒருத்தர் 32 மாதம் கழித்து முற்றிய நிலையில் வந்தார்.

இதைப் படித்ததும் அண்ணாச்சிக்கு அனுப்பினேன். அவருக்கு ஈப்போவில் ஒரு தம்பி, நிஜத் தம்பி. கூடப் பிறந்தவருக்கு வந்திருந்தால் மற்றவர்களுக்கு வரும் வாய்ப்பு பல மடங்கு. ஆனால் அந்த மனிதர் ஒரு தடவைகூட மூக்கைக் காட்டியதில்லை. நாகாலாந்தில் இல்லாத, கான்டனில் சொந்தமில்லாத நமக்கு அவ்வளவு பதற்றம் தேவையில்லை. நம்ம காது அடைப்பு முக்கால்வாசி ஜலதோஷம்தான். ஒரு காது மட்டும் மூணு நாலு வாரமாக அடைத்துக்கொண்டு, சொட்டு மருந்துக்கும் அசையாமல் இருந்தாலோ, கழுத்தில் வலிக்காத கட்டி வந்தாலோ காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போங்கள். மூக்கில் குழாய் விடுவார். ஃபைல் மாறவில்லை, பயப்படாதீர்கள்.

போன மாதம் அண்ணாச்சியிடம் பேசினேன். தம்பி டெஸ்டுக்குப் போனாரா என்று கேட்டேன்.

மறுமுனையில் தண்ணீர் குடிக்கிற சத்தம்.

"சீனப் புத்தாண்டு முடியட்டும், போறேன்னு சொல்றான்."

"போன வருஷமும் இதைத்தானே சொன்னார் அண்ணாச்சி?"

"அதுக்கு முந்தின வருஷமும்" என்றார்.